ஈசியூ ஃபைலைத் திறந்தால் என்ன தெரியும்? ரீமேப் கற்க வருபவர்களுக்கு

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பென்டிரைவோடு வந்து நின்றான். "அண்ணா, நம்ம டீசல் வண்டிக்கு ஸ்டேஜ் ஒன் ஃபைல் கிடைச்சிருக்கு. ஏத்திக் குடுங்க, போதும்" என்றான். எங்கே கிடைத்தது என்றேன். டெலிகிராம் குழுவில் யாரோ போட்டிருந்தார்களாம். ஸ்டேஜ் ஒன் என்றால் பாகங்களை மாற்றாமல், மென்பொருளை மட்டும் திருத்தி இழுவையைக் கூட்டுவது. அதே மாடல், அதே இன்ஜின், அதே வருஷம் என்று அடித்துச் சொன்னான். மென்பொருள் எண்ணும் ஒன்றுதானா என்று கேட்டேன். அப்படி ஓர் எண் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

ஃபைலை ஏற்றவில்லை. லேப்டாப்பைத் திறந்து, அவன் வண்டியின் ஒரிஜினல் ஃபைலையே காட்டி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஈசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. அதைக் காரின் மூளை என்பார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. மூளை யோசிக்கும். ஈசியூ பெரும்பாலும் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும். பழைய பல்லவன் பஸ் கண்டக்டர் கையில் கட்டணப் பட்டியல் இருக்குமே, அதுபோல. ஏறிய இடம் ஒரு பக்கம், இறங்கும் இடம் ஒரு பக்கம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் காசு. ஈசியூவிலும் ஒரு பக்கம் இன்ஜின் சுழற்சி (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று), இன்னொரு பக்கம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பது. சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். இப்படிப்பட்ட அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். அவற்றைத் திருத்துவது ரீமேப்.

கண்டக்டரின் பட்டியலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே இறங்கினால் அடுத்த ஸ்டேஜ் காசு வாங்கிவிடுவார்கள். ஈசியூ அப்படிச் செய்யாது, நடுவில் கணக்குப் போடும். 2000 சுழற்சியில் 2100, 2500 சுழற்சியில் 2200 என்று இருந்தால், 2250 சுழற்சியில் 2150 என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கட்டத்தை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்படி ஏற்றினால் வண்டி அந்த இடத்தில் வெட்டி வெட்டி ஓடும். பக்கத்துக் கட்டங்களும் சரிவாக அதோடு சேர்ந்து வர வேண்டும்.

ஈசியூவிலிருந்து படித்து எடுக்கும் ஃபைல் வெறும் பைனரி. சில எம்பி அளவு இருக்கும்; 2 எம்பி, 4 எம்பி என்பது போஷ் நிறுவனத்தின் ஈடிசி17 என்ற டீசல் ஈசியூ வகையில் சாதாரணம். அதில் பெரும்பகுதி புரோகிராம். அதை நாம் தொடுவதில்லை. மிச்சப் பகுதியில்தான் இந்த அட்டவணைகள், ஆயிரக்கணக்கில். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) விவரங்கள் பெரும்பாலும் இதைவிட்டுத் தனியான நினைவகத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, ஃபைல் யாருடையது என்று எப்படித் தெரியும்? ஈசியூ பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். போஷ் என்றால் 0281 என்று தொடங்கும் எண் டீசல், 0261 என்று தொடங்குவது பெட்ரோல். அது பெட்டியின் எண், ஹார்டுவேர். உள்ளே ஓடும் மென்பொருளுக்குத் தனி எண் உண்டு. போஷில் அது பெரும்பாலும் 1037 என்று தொடங்கும். பைனரிக்குள்ளேயே அது எழுத்தாகக் கிடக்கும், தேடினால் கிடைக்கும். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே பெட்டி, ஆனால் மென்பொருள் எண் வேறு என்றால் அட்டவணைகள் வேறு முகவரியில் இருக்கலாம். ஒரு காரில் பூஸ்ட் மேப் (டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்ற அட்டவணை) இருக்கும் இடத்தில் இன்னொரு காரில் ரேடியேட்டர் ஃபேனின் கணக்கு இருக்கலாம். பையன் கொண்டுவந்த ஃபைலை நான் ஏற்ற மறுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணமும் உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் எல்லாப் பக்கமும் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்டில் அது 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. அதே இன்ஜின் எர்டிகாவில் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். "அப்போ எர்டிகா ஃபைலைப் போட்டா 15 குதிரை சும்மா கிடைக்குமே" என்று தோன்றும். தோன்றட்டும். எர்டிகாவில் இருப்பது இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை டர்போ. ஸ்விஃப்டில் இருப்பது நிலையான வகை. இல்லாத ஒரு பாகத்தை நகர்த்தச் சொல்லி ஃபைல் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது

டியூனர்ப்ரோ, வின்ஓஎல்எஸ் போன்ற மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் முதலில் வருவது எண்களின் கடல்தான். பயப்பட வேண்டாம். வரைபடமாக மாற்றிப் பார்த்தால் பெரும்பகுதி ஒழுங்கே இல்லாத இரைச்சலாகத் தெரியும். நடுநடுவே மெரினா அலை மாதிரி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இருக்கும். அவைதான் மேப்புகள். அலைக்குச் சற்று முன்னால் படிக்கட்டு மாதிரி ஏறும் எண்கள் இருந்தால் அது அச்சு. 1000, 1250, 1500, 1750 என்று போனால் இன்ஜின் சுழற்சி என்று ஊகிக்கலாம்.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு, பைட்டுகளின் வரிசை. பூஸ்ட் 2200 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். பதினாறை அடிமானமாக வைத்து (ஹெக்ஸில்) எழுதினால் அது 0898. ஃபைலில் இரண்டு பைட்டாக, 08, 98 என்று கிடக்கும். சில புராசசர்கள் பெரிய பைட்டை முன்னால் வைக்கும், சில பின்னால் வைக்கும். வரிசையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதே இடம் 9808 ஆகிவிடும், அதாவது 38920. ஏறத்தாழ 39 பார் பூஸ்ட்! அப்படி ஒரு கார் இருந்தால் அது ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்க வேண்டும். இந்த மாதிரி அபத்தமான எண் கண்ணில் பட்டால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், வரிசையை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது பெருக்கும் எண். ஃபைலில் இருப்பது வெறும் முழு எண். அதை எதனால் பெருக்கினால் உண்மையான அளவு வரும் என்பது ஃபைலில் எழுதியிருக்காது. பல போஷ் பெட்ரோல் ஈசியூக்களில் ஸ்பார்க் கோணத்துக்கு ஓர் எண் என்றால் 0.75 டிகிரி. 20 என்று இருந்தால் 15 டிகிரி. 252 என்று இருந்தால்? 189 டிகிரி இல்லை. அது குறை எண்ணாகப் படிக்க வேண்டியது. 256-இல் 4 குறைவு, ஆக மைனஸ் 4, அதாவது மைனஸ் 3 டிகிரி. எந்த முகவரியில் எந்த மேப், எதனால் பெருக்குவது என்ற விளக்கம் ஏ2எல் அல்லது டாமோஸ் என்ற தனி ஃபைலில் இருக்கும். டியூனர்ப்ரோவுக்கு எக்ஸ்டிஎஃப் என்பார்கள். அது உங்கள் மென்பொருள் எண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். பொருந்தாத விளக்க ஃபைல், விளக்கமே இல்லாததைவிட ஆபத்து.

ஃபைலில் இருப்பது அனுமதி

பையனுக்குப் புரிய வைக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான். ஃபைலுக்குள் குதிரைத் திறன் என்று எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் அனுமதிகள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீங்கள் ஒரு மனு போடுகிறீர்கள், அவ்வளவுதான். டிரைவர் விஷ் என்ற மேப் அந்த மனுவை எண்ணாக மாற்றும்: 260 நியூட்டன் மீட்டர் வேண்டும். அடுத்த மேசையில் டார்க் லிமிட்டர்: இந்தச் சுழற்சியில் 200-க்கு மேல் கிடையாது. அதற்கடுத்து கியர்பாக்ஸ் லிமிட்டர். அதற்கடுத்து ஸ்மோக் லிமிட்டர்: உள்ளே வந்த காற்றுக்கு இவ்வளவு டீசல்தான். பிறகு தண்ணீர் சூடு, டீசல் சூடு, புகைபோக்கிச் சூடு என்று வரிசையாக மேசைகள். எல்லாரும் சொன்னதில் எது குறைவோ அதுதான் சிலிண்டருக்குப் போகும்.

நான் முதன்முதலில் திருத்திய ஃபைலில் டிரைவர் விஷ் மேப்பை மட்டும் தாராளமாக ஏற்றினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தோம். கூட வந்த நண்பன் "மச்சான், செம பிக்கப்!" என்று கத்தினான். எனக்கும் பறப்பது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, ஓடும்போது ஈசியூவிலிருந்து எடுத்த பதிவைப் பார்த்தால், முழுதாக மிதித்தபோது போன டீசலின் அளவு முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். டார்க் லிமிட்டர் அசையவே இல்லை. பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது கால்வாசி மிதித்தாலே கிடைத்தது, அதைத்தான் நாங்கள் பிக்கப் என்று நினைத்திருக்கிறோம். ஆக்சிலேட்டரில் மாட்டும் குட்டிப் பெட்டிகளை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் பார்த்திருப்பீர்கள். அவை செய்வதும் இதே வேலைதான்.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் எண்ணை ஏற்றுவது இல்லை. இந்தச் சுழற்சியில், இந்த நொடியில், எந்த மேசை மனுவை நிறுத்தி வைத்திருக்கிறது, ஏன் நிறுத்தியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஏன் என்பதுதான் கஷ்டம்.

பூஸ்ட் மேப்பையே பாருங்கள். அதில் 2200 என்று இருந்தால் அது முழு அழுத்தம், காற்றுமண்டலத்தின் அழுத்தத்தையும் சேர்த்து. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, இங்கே வெளிக்காற்றே சுமார் 1010 மில்லிபார். டர்போ அதை 2.2 மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக அழுத்தினால் போதும். இதே காரை மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்கு ஓட்டிப் போகிறீர்கள். அங்கே வெளிக்காற்று ஏறத்தாழ 780. அதே 2200 வேண்டுமென்றால் 2.8 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும், டர்போ வெறிபிடித்தது போலச் சுற்ற வேண்டும். அதைத் தடுக்கத்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தை அச்சாக வைத்து இன்னொரு மேப் இருக்கிறது. பூஸ்ட்டை ஏற்றியும் கேட்கவில்லையே என்று தேடிப்போய் சிலர் இதையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். ஓஎம்ஆரில் ஒரு வருஷம் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. கல்லட்டி ஏற்றத்தில் தெரியும்.

ஸ்மோக் லிமிட்டரிலும் இப்படித்தான். 2 லிட்டர் டீசலில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறைக்கு 900 மில்லிகிராம் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிகிராம் டீசல் கொடுத்தால் விகிதம் 18. ஆசைப்பட்டு 60 கொடுத்தால் 15. டீசல் முழுதாக எரிய ஏட்டளவில் தேவையான 14.5-ஐ அது நெருங்கிவிடும். டீசல் இன்ஜினுக்குள் காற்றும் எண்ணெயும் அவ்வளவு சீராகக் கலப்பதில்லை, எனவே எரியாத பங்கு கரும்புகையாக வெளியே வரும். பின்னால் வரும் பைக்காரர் திட்டுவது ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் தலையும் டர்போவும் அதைத் தாங்க வேண்டும். கரும்புகை வந்தால் பவர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வீணாய்ப்போன டீசல்.

பெட்ரோல் காரில் கவலை வேறு மாதிரி. அங்கே டீசலின் புகைக்குப் பதில் நாக்கிங், அதாவது ஸ்பார்க்கின் தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது. ஸ்பார்க்கை முன்கூட்டிக் கொடுத்தால் இழுவை கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் தட்டத் தொடங்கும். அந்தக் கட்டம் எங்கே என்பது பெட்ரோலையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பொறுத்தது. பெட்ரோல் தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். ஐரோப்பாவில் எழுதிய ரீமேப் ஃபைல் அங்கே வழக்கமான 95 ஆக்டேனுக்கும் அதற்கு மேலும் எழுதியது. இங்கே நெடுங்காலம் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன்தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஆக்டேனை ஏற்றும், அது நல்லதுதான். ஆனால் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும் என்றால் எத்தனாலுக்கு 9 பங்கு போதும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிக்கட்டிவிடும். முழுதாக மிதிக்கும்போது பல கார்கள் பெரும்பாலும் அட்டவணையை நம்பித்தான் ஓடுகின்றன. அப்புறம் நம்ம ஊர் கத்திரி வெயில். கத்திப்பாராவில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு மிதித்துப் பாருங்கள், உள்ளே போகும் காற்று 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். குளிர் நாட்டில் டைனோ (சக்கரத்தைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் மேடை) மேல் நிற்க வைத்து எழுதிய ஃபைலுக்கு இந்தக் கட்டங்களில் வேலையே இருந்திருக்காது. நாக் சென்சார் ஓரளவு காப்பாற்றும், ஸ்பார்க்கைப் பின்னால் இழுக்கும். ஒவ்வொரு முறையும் அது காப்பாற்றிக்கொண்டிருந்தால் உங்கள் ஃபைல் தவறு என்று அர்த்தம்.

படிப்பது, திருத்துவது, எழுதுவது

காரிலிருந்து ஃபைலை எடுக்க வழிகள் சில. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட் வழியாக எடுப்பது எளிது. சில ஈசியூக்கள் அந்த வழியாக எழுத விடும், படிக்க விடாது. அப்போது ஃபைலைப் படித்து எழுதும் கருவி உங்கள் மென்பொருள் எண்ணைப் பார்த்துத் தன் சர்வரிலிருந்து ஓர் ஒரிஜினலைத் தரும். அது உங்கள் பெட்டியிலிருந்து வந்தது இல்லை என்பது நினைவிருக்கட்டும். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து நேரடியாக வயர் கொடுத்துப் படிப்பது பெஞ்ச் முறை. எந்த வழியானாலும் இரண்டு முறை படித்து இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒரு பிரதி பென்டிரைவில், ஒன்று மெயிலில். ஒரிஜினல் ஃபைலின் பெயரில் கார் எண், மென்பொருள் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். "நியூ2_ஃபைனல்_ஃபைனல்" என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து அழ வேண்டியிருக்கும்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு மேப், அதிலும் சில சதவீதம். ஒரே மேப் ஃபைலில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும்; கியருக்கு ஒன்று, மேனுவலுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று என்று. எது உங்கள் காரில் ஓடுகிறது என்று தெரியாமல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது தொடக்கக்காரர் எல்லாருக்கும் நடப்பது.

திருத்தி முடித்ததும் செக்சம். மளிகைச் சீட்டில் ஒரு பொருளின் விலையைத் திருத்திவிட்டுக் கீழே மொத்தத்தை மாற்றாமல் விட்டால் கடைக்காரர் பிடித்துவிடுவார் இல்லையா? ஈசியூவும் அப்படிக் கூட்டிப் பார்க்கும். மொத்தம் ஒத்துவரவில்லை என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது செக் இன்ஜின் விளக்கு எரியும். பெரும்பாலான மென்பொருள்கள் இந்தக் கூட்டலைத் தாமே சரிசெய்துவிடும், ஆனால் எல்லா ஈசியூவுக்கும் இல்லை. புதிய ஈசியூக்களில் வெறும் கூட்டல் இல்லாமல் டிஜிட்டல் கையெழுத்தே இருக்கும், அதை நம்மால் போட முடியாது. உங்கள் முதல் கார் அப்படிப்பட்டதாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் பழையதொன்றில் கற்றுக்கொள்ளுங்கள்.

எழுதும்போது பேட்டரி. ஏசி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நிலையாக 13 வோல்ட் தரும் சப்ளையை மாட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதியில் கரண்ட் விழுந்தால் ஈசியூ செங்கல்தான். பெட்டியைக் கழற்றி பெஞ்ச் முறையில் எழுப்ப வேண்டிவரும். மலிவான நகல் கருவிகள் பாதியில் நின்றுபோவதும் உண்டு. இதனால்தான் பையனிடம், புதுப்பேட்டையில் பில்லோடு ஒரு பழைய ஈசியூ வாங்கிக்கொள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பவர் சப்ளை வாங்கிக்கொள், மேசையிலேயே பத்து முறை படித்து எழுதிப் பழகு என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் வாங்கிவிட்டான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பாகங்களைப் பொருத்துவது உட்பட, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வாரண்டி போகும், இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். புகை வடிகட்டியையும் இஜிஆரையும் (மாசைக் குறைக்கப் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) ஃபைலில் ஊமையாக்கித் தரச்சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. அதை நான் செய்வதும் இல்லை, சொல்லித்தருவதும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததே அந்தப் புகைக்காகத்தான். இந்த அட்டவணைகளை வைத்து எவ்வளவு பெரிய பொய் சொல்லலாம் என்பதற்கு 2015 செப்டம்பரில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரமே சாட்சி. சோதனை நடக்கிறதா என்று மென்பொருளே கண்டுபிடித்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும்படி எழுதியிருந்தார்கள், உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில். முழுதாக மிதித்துப் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. நான் ஈசிஆரில் செய்ததைச் செய்யாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது மறக்காமல் பதிவு எடுங்கள். கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், டீசல் அளவு, காற்றின் அளவு, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), சூடு. ஒரிஜினல் ஃபைலில் ஒரு ஓட்டம், திருத்தியதில் ஒரு ஓட்டம், அதே சாலை, அதே கியர், முடிந்தால் அதே நேரம். காலையில் ஒன்று, மத்தியான வெயிலில் ஒன்று என்று ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வெயிலைத்தான். கேட்டதற்கும் வந்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தால் இன்னும் ஏற்றாதீர்கள், ஏதோ ஒரு பாகம் மூச்சு வாங்குகிறது.

இன்னொன்று. வண்டியை சர்வீசுக்கு விட்டு எடுத்துவந்தால் மென்பொருள் எண்ணை மறுபடி பாருங்கள். சர்வீஸ் சென்டரில் அப்டேட் போட்டிருந்தால் உங்கள் திருத்தம் அழிந்திருக்கும், எண்ணும் மாறியிருக்கும். பழைய திருத்தத்தை அப்படியே மேலே ஏற்றக்கூடாது. புதிய ஃபைலைப் படித்து எடுத்து, மேப்புகளை மறுபடி தேடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பையன் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறான்.